உறவுமுறை

வாடகையை இனி வீட்டுக்காரர்கள் இஷ்டத்துக்கு ஏற்றக் கூடாது என்று அரசாங்கம் உத்தரவு போட்ட வாரத்தில்தான் எங்கள் கட்டடத்தில் எல்லாரையும் காலி பண்ணச் சொன்னார்கள். உத்தரவு அமலுக்கு வர இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் பழைய ஆட்களை அனுப்பிவிட்டுப் புது ஆட்களைக் கூடுதல் வாடகைக்கு வைத்துவிட்டால், பிறகு அந்த உத்தரவு வந்தாலும் ஒன்றும் குறையாது. எங்கள் தெருவில் வீடு வைத்திருந்த அத்தனை பேருக்கும் இந்த யோசனை யாரும் சொல்லித்தராமலே வந்துவிட்டது.

அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். கடைக்குப் பின்னாலேயே ஓர் அறையில் படுக்கை. எங்கள் வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். காலி பண்ணச் சொல்லும் கடிதத்தை என்னிடம்தான் டைப் அடிக்கக் கொடுத்தார். எட்டுப் பிரதி கேட்டார். மேலே ஏழு குடித்தனம், எட்டாவது எனக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

"உனக்கில்லப்பா. கடைக்கு அந்த உத்தரவு கிடையாது. நீ பாட்டுக்கு இரு. எட்டாவது நான் வெச்சுக்க" என்றார்.

நிம்மதியாக இருந்தது. அதைச் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாம் மாடியில் இருந்தவர்கள் நாலு பேர். டைல்ஸ் ஒட்டும் வேலை செய்பவர், அவர் மனைவி, பத்தாவது படிக்கும் மகள், மனைவியின் அக்கா. கட்டடத்தில் எல்லாரும் அக்காவைப் பெரியக்கா என்றும் தங்கையைச் சின்னக்கா என்றும்தான் கூப்பிடுவோம். சின்னக்காவுக்கு ஐந்து வயதாகும்போது அம்மா இறந்துவிட்டாள். பெரியக்காவுக்கு அப்போது பதினேழு. அடுத்த வருஷமே ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். தங்கையைப் படிக்க வைத்து, டைல்ஸ்காரருக்குக் கட்டிக்கொடுத்து, பிறகு அவளையும் அதே கூடத்தில் சேர்த்துவிட்டாள். தான் மட்டும் எங்கும் போகவில்லை.

ஒரு முறை ரசீதுப் புத்தகங்கள் கொடுக்க அந்தக் கூடத்துக்குப் போயிருக்கிறேன். ஆவி அடித்து எதிரில் இருப்பவர் முகம் தெரியாது. ஒரு பக்கம் அழுக்குத் துணியைப் பிரிப்பார்கள். ரத்தம் பட்டது தனி, மருந்துக் கறை தனி, சில சமயம் உள்ளே ஊசி கிடக்கும். இன்னொரு பக்கம் இஸ்திரி உருளையிலிருந்து படுக்கை விரிப்புகள் சுடச்சுட வந்து விழும். அக்காவும் தங்கையும் அங்கேதான். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, ஓர் உதறு, ஒரு மடிப்பு, நடந்து வந்து முனையோடு முனை சேர்த்து, திரும்ப விலகி. பேச்சே இல்லை. ஒரு நாளைக்கு எண்ணூறு விரிப்பு என்றார்கள்.

கண்டக்டர் கடிதத்தோடு மாடி ஏறியபோது நானும் கூடப் போனேன். அவருக்கு மூட்டு வலி. கைப்பிடிக்கு ஓர் ஆள் வேண்டும்.

"கோவிச்சுக்காதீங்கம்மா" என்றார் வாசலில் நின்று. "உங்க மேல ஒரு குறையும் இல்ல. பதினோரு வருஷத்துல ஒரு நாள் முன்னபின்ன ஆனதில்ல. பையன்தான் கேக்க மாட்டேங்கிறான்."

பெரியக்கா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டுத் தங்கையிடம் கொடுத்தாள்.

"உங்க பையனே வந்து சொல்லியிருக்கலாமே. இந்த முட்டியோட உங்கள ஏற வெச்சிருக்கான்."

"அவன் வெளியூர் போயிருக்கான்."

"சரி, உள்ள வாங்க. டீ குடிச்சிட்டுப் போங்க."

கண்டக்டர் டீ குடித்தார். சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்று சொல்லிவிட்டுக் குடித்தார். மற்ற ஆறு குடித்தனத்திலும் சண்டை நடந்தது. அவர் பிறகு என்னிடம், "சண்டை போட்டவங்ககூடப் பரவாயில்லப்பா, இவங்கதான் என்னை ஒரு மாதிரி ஆக்கிட்டாங்க" என்றார். ஆனால் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவும் தங்கையும் வீடு பார்க்கப் போனார்கள். மழைக்காலம். இரண்டு பேரும் ஒரே குடையில் போய், தோள் நனைந்து திரும்பி வந்து, என் கடை வாசலில் நின்று புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே அன்றைய கதையைச் சொல்வார்கள். ஊரில் வாடகைக்கு வந்த வீட்டை விட வீடு தேடுகிறவர்கள் பத்து மடங்கு. ஓர் அறைக்கு முப்பது பேர் வரிசையில் நின்றார்களாம். முன்னால் நின்றவர் ஒரு வருஷ வாடகையை மொத்தமாகத் தருகிறேன் என்று சொன்னதும் வரிசை தானாகக் கலைந்துவிட்டது. இன்னொரு வீட்டில் ஜன்னலே இல்லை. கேட்டதற்கு, "அதான் ஃபேன் இருக்கே" என்றாளாம் வீட்டுக்காரி.

ஒரு வீடு மட்டும் எல்லாவற்றுக்கும் தோதாக இருந்தது. வாடகையும் எட்டிப் பிடிக்கலாம் போல. அங்கே நடந்ததைச் சின்னக்கா அப்படியே நடித்துக் காட்டினாள்.

"எத்தனை பேருன்னு கேட்டா. நாலு பேருன்னேன். யார் யாருன்னா. சொன்னேன். அக்காவுக்குக் குடும்பம் எங்கன்னா. நாங்கதான்னேன். 'அது சரி, புருஷன், பிள்ளைங்க?' கல்யாணம் பண்ணிக்கலன்னேன். 'ஏன்?'ங்கிறா. வீட்டக் காட்டுடின்னா இவ ஏன்ங்கிறா."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று பெரியக்காவைக் கேட்டேன்.

"நேரம் அமையலம்மான்னேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தப்பல்லாம் எனக்கு ஷிஃப்டுன்னேன்."

மூன்று பேரும் சிரித்தோம். அந்த வீடு கிடைக்கவில்லை. தனியாக இருக்கும் பொம்பளை குடும்ப வீட்டுக்கு ஆகாது என்று தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இதற்கெல்லாம் இரண்டு வருஷம் முன்பே அவர்கள் அரசாங்க வாடகைக் குடியிருப்புக்கு விண்ணப்பம் போட்டிருந்தார்கள். குறைந்த வருமானக்காரர்களுக்கு என்று ஊருக்கு வெளியே பன்னிரண்டு மாடியில் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதே கட்டடத்தில்தான் டைல்ஸ்காரருக்கு எட்டு மாதமாக வேலை. ஒரு நாளைக்கு இரண்டு குளியலறைத் தரை ஒட்டுவார். சாயங்காலம் வரும்போது விரல் இடுக்கெல்லாம் சிமெண்ட் பால் காய்ந்து வெள்ளையாக இருக்கும்.

"நானூறு வீடுதான். முப்பதாயிரம் பேரு போட்டிருக்காங்களாம். இஞ்சினியர் சொன்னாரு" என்பார். தான் ஒட்டுகிற தரையில் யார் குளிக்கப் போகிறார்கள் என்ற நினைப்பெல்லாம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. தண்ணீர் மூலைக்கு ஓடுகிறதா என்றுதான் பார்ப்பார்.

விண்ணப்பத்தை நிரப்பியவன் நான். கம்ப்யூட்டரில் குடும்ப உறுப்பினர் பெயரைப் போட்டதும் பக்கத்தில் 'உறவுமுறை' என்று ஒரு கட்டம் வரும். நாமாக எழுத முடியாது. அதில் இருக்கிற பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும்: கணவன், மனைவி, மகன், மகள், தாய், தந்தை. அக்கா இல்லை. பட்டியலை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தேன். இல்லை. "இப்ப மூணு பேரா போட்டுடுவோம், கிடைச்சா அப்புறம் சேத்துக்கலாம்" என்று சின்னக்காவிடம் சொன்னேன். பெரியக்கா கடைக்கு வெளியே யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். அவளிடம் கேட்கக்கூட இல்லை.

காலி பண்ண இருபத்திரண்டு நாள் இருக்கும்போது குலுக்கல் முடிவு வந்தது. தெருவில் விண்ணப்பம் போட்டவர்கள் எல்லாரும் என் கடைக்கு வந்தார்கள். நான் ஒவ்வொரு எண்ணாகத் தேடி, இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியாக இவர்கள் நாலு பேரும் வந்தார்கள்.

"இருக்கு" என்றேன்.

யாரும் கத்தவில்லை. டைல்ஸ்காரர் இன்னொரு தரம் பார்க்கச் சொன்னார். மகள் திரையில் விரலை வைத்து ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்த்தாள். ஒன்பதாம் மாடி.

"ஒம்பதாம் மாடி நீங்க ஒட்டினதா மாப்ள?" என்று பெரியக்கா கேட்டாள்.

"இல்லக்கா. நான் அஞ்சு வரைக்கும்தான். அதுக்கு மேல வேற ஆளுங்க."

"அப்ப நாளைக்கு லீவு சொல்லணுமே" என்றாள் அவள்.

மறுநாள் சாட்சிக் கையெழுத்துக்காக நானும் குடியிருப்பு அலுவலகத்துக்குப் போனேன். மூன்றாவது கவுண்டரில் ஓர் அம்மா. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். கடுமையான ஆள் இல்லை. மகளைப் பார்த்து எந்த ஸ்கூல் என்றுகூடக் கேட்டார். பிறகு பெரியக்காவைப் பார்த்தார்.

"இவங்க?"

"எங்கக்கா. கூடத்தான் இருக்காங்க. பேரு சேக்கணும்" என்றாள் சின்னக்கா.

"அக்கா குடும்பத்துல வர மாட்டாங்கம்மா."

"என்னை வளத்தவங்க மேடம்."

"சட்டப்படி தத்தெடுத்தாங்களா?"

பெரியக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அஞ்சு வயசுப் பிள்ள, பக்கத்துல படுத்திருந்தது. அதப் போயி தத்தெடுப்பாங்களா?"

"எனக்குப் புரியுதும்மா. நான் கேக்கிறது கட்டத்துல போடறதுக்கு." கண்ணாடியை இறக்கிக்கொண்டார். "நீங்க நெனைக்கிற மாதிரி வேணும்னு வெச்ச சட்டம் இல்ல இது. போன தடவை கட்டினதுல ஆளாளுக்கு அண்ணன், அக்கான்னு சொல்லி நாலு பேர உள்வாடகைக்கு வெச்சுட்டாங்க. பதினேழு வீடு ரத்தாச்சு. மூணு மாசம் கழிச்சு சோதனைக்கு வருவாங்க. பட்டியல்ல இல்லாத ஆள் தங்கினா, வீட்டத் திருப்பி எடுத்துப்பாங்க. மறுபடி விண்ணப்பம் போடவும் முடியாது."

"அவங்க தனியா போடலாமா?" என்றாள் சின்னக்கா.

"தனி ஆளுக்கு இந்தத் திட்டத்துல இல்ல. வேலைக்குப் போற பெண்கள் விடுதி இருக்கு. அது நாப்பத்தஞ்சு வயசு வரைக்கும். உங்களுக்கு எவ்வளவும்மா?"

"அம்பத்திமூணு."

"முதியோர் இல்லம்னா அறுபது" என்றார் அந்த அம்மா, தனக்குள் சொல்லிக்கொள்வது போல.

நாங்கள் எழுந்திருக்கவில்லை. எழுந்து எங்கே போவது என்று தெரியவில்லை. பின்னால் நின்றவர் இருமினார். அந்த அம்மா குரலைத் தணித்துக்கொண்டு, "ஒரு வழி இருக்கு. வீட்டு வேலைக்கு ஆள் வெச்சுக்கலாம், கூடவே தங்கலாம். அதுக்கு பி படிவம்னு தனியா இருக்கு. அதுல உறவுமுறை கேக்க மாட்டாங்க" என்றார்.

"வேலைக்காரியாவா?" என்றாள் சின்னக்கா.

"படிவத்துல 'வீட்டு உதவியாளர்'னு போட்டிருக்கும்மா. பதினஞ்சு நாளுக்குள்ள குடுத்துடுங்க."

வரும் வழியில் பஸ்ஸில் மகள் ஜன்னல் கண்ணாடியில் படிந்திருந்த ஆவியில் என்னவோ எழுதிக் கையால் அழித்தாள்.

அடுத்த பத்து நாளில் அவர்கள் வீட்டில் சண்டை நடந்ததா என்றால், இல்லை. சத்தம் எதுவும் கீழே வரவில்லை. சின்னக்கா மட்டும் தினமும் வேலை முடிந்து பெரியக்காவுக்கு ஓர் அறை தேடிப் போனாள். ஒரு கட்டிலுக்கு இடம் இருந்தால்கூடப் போதும் என்றாள். ஒரு கட்டில் கிடைத்தது. ஏழு பெண்கள் தங்கியிருந்த அறையில், பகல் ஷிஃப்டுக்காரி எழுந்து போனதும் மற்றவள் படுக்கிற கட்டில். அதைப் பார்த்துவிட்டு வந்து என் கடையில் உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். குடிக்கவில்லை.

ஒரு மத்தியானம், நல்ல மழையில், பெரியக்கா தனியாக வந்தாள்.

"அந்தப் பி படிவத்த எடு தம்பி."

"சின்னக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்ல என்ன இருக்கு? அவ முடியவே முடியாதும்பா. நான் பரவாயில்லம்பேன். அவ அழுவா. கடைசில இதுக்குத்தான் வந்து நிக்கணும். நடுவுல நாளுதான் போகும்."

படிவத்தைத் திரையில் திறந்தேன். பணியமர்த்துபவர் பெயர், பணியாளர் பெயர். வேலையின் தன்மை: சமையல், துப்புரவு, குழந்தை பராமரிப்பு.

"மூணையும் போடு. மூணும் செஞ்சதுதானே."

"எத்தனை வருஷமா வேலை பாக்கறீங்கன்னு இருக்குக்கா."

"முப்பத்தாறு."

"நம்ப மாட்டாங்க."

"அப்ப ரெண்டுன்னு போடு."

"சம்பளம்?"

கொஞ்சம் யோசித்தாள். "நீயே ஒண்ணு போடு. ரொம்பக் கொறச்சலா போட்டுடாத. என் தங்கச்சி பேரு கெட்டுடும்."

கையெழுத்துப் போட்டாள். கீழே பணியமர்த்துபவர் கையெழுத்துக்கு இடம் காலியாக இருந்தது. சாயங்காலம் பெரியக்காவோடு சின்னக்காவும் டைல்ஸ்காரரும் வந்தார்கள். படிவத்தை நீட்டினேன். சின்னக்கா நின்றபடியே முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

"வயசு தப்பா இருக்கு. அம்பத்திரெண்டுன்னு போட்டிருக்கே" என்றாள்.

திருத்தி வேறு பிரதி எடுத்தேன். பெரியக்கா அதிலும் கையெழுத்துப் போட்டாள்.

டைல்ஸ்காரர் வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு, "வேணாம்னா விட்டுடலாம்க்கா. வேற இடம் பாக்கலாம்" என்றார்.

"எங்க மாப்ள?" என்றாள் பெரியக்கா. கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்தால் சொல்லட்டும் என்றுதான் கேட்டாள்.

சின்னக்கா பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். மை சரியாக இறங்கவில்லை. அதன் மேலேயே இன்னொரு தரம் எழுதினாள்.

சாமான் ஏற்றிய அன்று கண்டக்டர் வந்து நின்றார். முன்பணத்தைப் பைசா குறைக்காமல் திருப்பிக் கொடுத்தார். வண்டி கிளம்பியதும் மேலே போய்ப் பூட்டிவிட்டு வந்தார். அடுத்த வாரம் அந்த வீட்டுக்கு வேறு ஆட்கள் வந்தார்கள்.

புது வீடு நல்ல வீடு. ஓர் அறை, ஒரு கூடம், அடுப்படி, உள்ளேயே குளியலறை. காற்று வந்தது. குடிபோன அன்று நானும் உதவிக்குப் போயிருந்தேன். டைல்ஸ்காரர் குளியலறையில் குந்தி உட்கார்ந்து, ஒரு நாணயத்தால் ஒவ்வொரு கல்லாகத் தட்டிப் பார்த்தார்.

"நாலு கல்லு சத்தம் குடுக்குது. அடியில கலவை இல்ல."

"மாத்த முடியாதா?" என்று கேட்டேன்.

"மாத்தலாம். நம்ம வீடா இருந்தா."

அங்கே குடியிருப்பவர்களுக்கு நீல அட்டை. வேலைக்கு வருபவர்களுக்கு மஞ்சள் அட்டை. மஞ்சள் அட்டைக்காரர்கள் ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் வாசல் நோட்டில் நேரத்தைப் போட வேண்டும். விடியற்காலை ஷிஃப்டுக்கு இரண்டு பேரும் சேர்ந்தே கிளம்புவார்கள். பெரியக்கா நோட்டில் எழுதி முடிக்கும்வரை சின்னக்கா கேட்டுக்கு வெளியே நின்றிருப்பாள். எதிர்வீட்டுப் பெண் ஒரு நாள் பெரியக்காவை நிறுத்தி, "உங்களுக்கு நேரம் இருந்தா எங்க வீட்டுப் பாத்திரமும் தேய்க்க முடியுமா, அவங்க குடுக்கிறதவிடக் கூடக் குடுக்கிறேன்" என்றாளாம். பெரியக்கா இதை ஒரு வேடிக்கையாக என்னிடம் சொன்னாள். பக்கத்தில் இருந்த மகள் சிரிக்கவில்லை.

கேட்டில் வைத்துத் தன்னைப் பெரிம்மா என்று கூப்பிட வேண்டாம் என்று பெரியக்கா அவளிடம் சொல்லி வைத்திருந்தாள். முதலில் கேட்டில் மட்டும் நின்றது. பிறகு லிஃப்டில். பிறகு வீட்டுக்குள்ளும் அவள் எப்படியும் கூப்பிடாமலே பேசப் பழகிக்கொண்டாள். "சாப்பாடு இருக்கா?" என்பாள். யாரிடம் கேட்கிறாள் என்று இருந்த இடத்தை வைத்துத் தெரிந்துகொள்வார்கள்.

நாலாம் மாதம் சோதனைக்கு வருவதாகக் கடிதம் வந்தது. ஆவணங்களின் நகல் மூன்று தொகுதி வேண்டுமாம். எடுத்துக்கொண்டு நானே போனேன். காலை பதினொரு மணி. டைல்ஸ்காரர் வேலைக்குப் போயிருந்தார், மகள் பள்ளிக்கூடத்துக்கு. அக்காவும் தங்கையும் லீவு போட்டிருந்தார்கள். பெரியக்கா கூடத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். தங்கை தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பெரியக்கா கத்தியால் இடம் காட்டி உட்காரச் சொன்னாள்.

மணி அடித்தது. பெரியக்கா கிழங்குத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. நேராகப் போய் அடுப்படி வாசலில் நிலையோரமாக நின்றாள். சின்னக்கா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கதவைத் திறக்கப் போனாள்.

வந்தவர் சின்ன வயசுக்காரர். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். பெரியக்கா எழுந்த நாற்காலியில் உட்கார்ந்து, நான் கொடுத்த நகல்களைச் சரிபார்த்தார். தண்ணீர் ஒழுங்காக வருகிறதா, லிஃப்ட் வேலை செய்கிறதா என்று கேட்டார். பிறகு அடுப்படிப் பக்கம் பார்த்தார்.

"இவங்க?"

பி படிவம் அவர் மடியிலேயே இருந்தது. சின்னக்கா அதைக் காட்டியிருக்கலாம். நான் சொல்லலாமா என்று வாயெடுத்தேன்.

"வேலைக்கு இருக்காங்க சார்" என்றாள் சின்னக்கா.

அவர் தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார். பிறகு பெரியக்காவிடம், "உங்களுக்கு இங்க ஏதாவது குறை இருக்காம்மா? இவங்க முன்னாடி சொல்ல வேணாம்னா வெளிய வந்து சொல்லலாம். கேக்கணும்னு எங்களுக்கு உத்தரவு" என்றார்.

"ஒண்ணும் இல்ல சார். நல்லா வெச்சிருக்காங்க."

"சாப்பாடெல்லாம்?"

"அவங்க சாப்பிடறதுதான்."

"எங்க படுத்துக்கறீங்க?"

"பாப்பாகூட."

அவருக்கு மனசு நிறைந்துவிட்டது. "இப்படித்தான் இருக்கணும்மா" என்று சின்னக்காவிடம் சொன்னார். "நான் போற வீட்டுலல்லாம் வேலை செய்றவங்களப் படுத்தறத பாத்தா கஷ்டமா இருக்கும். நீங்க குடும்பத்துல ஒருத்தரா வெச்சிருக்கீங்க."

சின்னக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெரியக்கா உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்தாள். மூன்று கிளாஸ். அவருக்கு, எனக்கு, தங்கைக்கு. தங்கை கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். மூன்று பேரும் குடித்து முடிக்கும்வரை பெரியக்கா தட்டோடு நின்றிருந்தாள்.

அவர் கதவின் உள்பக்கம் ஒரு பச்சை ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, இனி இரண்டு வருஷத்துக்குக் கவலை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். கதவு சாத்தியதும் கூடத்தில் நாற்காலி காலியாக இருந்தது.

"உக்காருக்கா" என்றாள் சின்னக்கா.

"இரு, கிளாஸக் கழுவிட்டு வரேன்."

பெரியக்கா உள்ளே போனாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. சின்னக்கா தடுக்கவில்லை. உட்காரவும் இல்லை. நான் பையை எடுத்துக்கொண்டு சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்து லிஃப்டுக்கு நின்றேன். அது கீழேயிருந்து ஒவ்வொரு மாடியாக நின்று நின்று வந்தது. அது ஒன்பதுக்கு வந்து, கதவு திறந்து, நான் உள்ளே ஏறும்வரைக்கும் அந்தக் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று கிளாஸ் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது.